என்ஜின் மாற்றும்போது வயரிங் ஹார்னஸும் ஃபியூஸ் பாக்ஸும்: முழுமையான வழிகாட்டி

வேறொரு வண்டியின் என்ஜினைத் தூக்கி நம் வண்டியில் வைக்கும்போது மவுண்ட் அடிப்பது, ராடியேட்டரை நகர்த்துவது, எக்ஸாஸ்ட் வளைப்பது எல்லாம் கண்ணுக்குத் தெரிகிற வேலை. அளந்து, வெட்டி, பொருத்தினால் முடிந்தது. ஆனால் வேலை பாதியில் நின்றுபோன வண்டிகளைப் பார்த்தால், பெரும்பாலும் என்ஜின் அதன் இடத்தில் அழகாக உட்கார்ந்திருக்கும். வயர்கள்தான் கொத்துக் கொத்தாக வெளியே தொங்கிக்கொண்டிருக்கும்.

வயரிங்கில் மாட்டிக்கொள்கிறவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் மாட்டுகிறார்கள். இரண்டு வண்டிகளின் ஹார்னஸையும் (வயர்க் கட்டு) பிரித்துப் போட்டு, நிறம் பார்த்து ஒன்றோடொன்று இணைத்து, ஒரே ஹார்னஸாக ஆக்கப் பார்க்கிறார்கள். அதைச் செய்யவே வேண்டாம். புது என்ஜின் தன் ஹார்னஸோடும், தன் ஈசியுவோடும் (என்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினி), தனக்கென ஒரு ஃபியூஸ் பாக்ஸோடும் தனியாக ஓடட்டும். வண்டியின் பாடி ஹார்னஸ் (விளக்கு, ஹார்ன், வைப்பர், பவர் விண்டோ) இருந்தபடியே இருக்கட்டும். இரண்டுக்கும் நடுவே ஒரே ஒரு கனெக்டர், அதன் வழியே பத்துப் பதினைந்து வயர்கள். கீழே வரும் எல்லாப் படிகளும் அந்தக் கனெக்டரை நோக்கித்தான் போகின்றன.

இங்கே சொல்வது 12 வோல்ட், நெகட்டிவ் எர்த் (பேட்டரியின் நெகட்டிவ் பாடியோடு இணைந்திருப்பது), எலக்ட்ரானிக் இன்ஜெக்‌ஷன் உள்ள பெட்ரோல் என்ஜினுக்கு. டீசலுக்கும் அடிப்படை இதேதான். குளோ பிளக் ரிலே மட்டும் கூடுதலாக வரும். (ரிலே என்பது சிறு கரன்டால் பெரிய கரன்டைத் திறந்து மூடும் சுவிட்ச்.)

1. என்ஜினோடு சேர்த்து எடுக்க வேண்டியவை

என்ஜின் இன்னும் பழைய வண்டியிலேயே இருந்தால், அது பெரிய வசதி. ஈசியு, அதற்கு ஜோடியான இம்மொபிலைசர் (திருட்டுத் தடுப்பு) யூனிட், சாவி, சாவித் துளையைச் சுற்றியிருக்கும் ஆன்டெனா வளையம், இவற்றை ஒரு செட்டாக எடுத்துவிடுங்கள். இவற்றில் ஒன்று விட்டுப்போனாலும் என்ஜின் ஸ்டார்ட் ஆகி இரண்டு வினாடியில் அணையும், அல்லது ஸ்டார்ட்டே ஆகாது. எலக்ட்ரானிக் த்ராட்டில் என்றால் ஆக்ஸிலரேட்டர் பெடலும் அதே வண்டியுடையதாகவே இருக்க வேண்டும். பெடலுக்குள் இரண்டு சென்சார்கள் உண்டு. அவற்றின் வோல்டேஜ் விகிதத்தை ஈசியு விடாமல் ஒப்பிட்டுக்கொண்டே இருக்கும். வேறு வண்டிப் பெடலை மாட்டினால் விகிதம் ஒத்துப்போகாமல் த்ராட்டிலை முடக்கிவிடும்.

அப்புறம் ஏர் ஃப்ளோ மீட்டர், ஆக்ஸிஜன் சென்சார்கள், என்ஜின் ரூமிலிருக்கும் ஃபியூஸ் பாக்ஸ், அதன் மூடி (உள்பக்கம் ஒட்டியிருக்கும் படம் பிறகு பலமுறை கைகொடுக்கும்), என்ஜினுக்கும் பாடிக்கும் நடுவே ஓடும் எர்த் பட்டைகள். ஹார்னஸை எங்கும் வெட்டாமல், கனெக்டர்களைக் கழற்றி முழுதாக உருவுங்கள். டாஷ்போர்டுக்குள் போகும் கிளையை வெட்டித்தான் ஆக வேண்டும் என்றால் கனெக்டரிலிருந்து குறைந்தது 20 செ.மீ. வால் விட்டு வெட்டுங்கள்.

பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றிய பிறகே எதிலும் கை வைக்க வேண்டும். ஏர்பேக் உள்ள வண்டி என்றால், கழற்றிவிட்டு, தயாரிப்பாளர் சொல்லும் நேரம் வரை காத்திருங்கள். மஞ்சள் நிற உறையில் ஓடும் வயர்களைத் தொடவோ மல்டிமீட்டரால் சோதிக்கவோ கூடாது. பாடியில் வெல்டிங் வேலை மிச்சம் இருந்தால் அதை இப்போதே முடித்துவிடுங்கள். ஈசியு இணைப்பில் இருக்கும்போது வெல்டிங் வைப்பது அதைக் கொல்வதற்குச் சமம்.

2. காகிதத்தில் முடிக்க வேண்டிய வேலை

இரண்டு வண்டிகளின் வயரிங் டயகிராமும் வேண்டும். அதே மாடல் என்பது போதாது. அதே ஆண்டு, அதே என்ஜின் குறியீடு, அதே கியர்பாக்ஸ் வகை என்று பார்த்து எடுங்கள். ஒரே மாடலில் ஆண்டின் நடுவிலேயே கனெக்டரின் பின்களின் (உலோக முனைகள்) வரிசை மாறியிருக்கக்கூடும். கையிலிருக்கும் ஈசியுவின் பார்ட் நம்பர் டயகிராமோடு ஒத்துப்போகிறதா என்பதையும் சரிபாருங்கள்.

இப்போது ஈசியுவின் ஒவ்வொரு பின்னுக்கும் ஒரு வரி எழுதுங்கள். பின் எண், வயர் நிறம், தடிமன், மறுமுனை எங்கே போகிறது. 80 பின் இருந்தால் 80 வரி. சலிப்பான வேலைதான், ஆனால் இதை எழுதி முடிக்கும்போது பாதிப் பயம் போய்விடும். ஏனென்றால் பெரும்பாலான வரிகளின் மறுமுனை என்ஜினிலேயே முடிந்துவிடும்: இன்ஜெக்டர், இக்னிஷன் காயில், கிராங்க் சென்சார், கேம் சென்சார், கூலன்ட் டெம்பரேச்சர், நாக் சென்சார், த்ராட்டில். அந்த வயர்களோடு நமக்கு எந்த வேலையும் இல்லை. தொழிற்சாலை போட்டபடியே அவை இருக்கும்.

மிச்சம் இருப்பவைதான் நம் வேலை. அவற்றை ஒரு தனித்தாளில் எழுதுங்கள். கிட்டத்தட்ட எல்லா வண்டியிலும் இப்படி வரும்:

- பேட்டரியிலிருந்து நேரடி சப்ளை (ஈசியுவின் நினைவுக்கு)
- சாவி ஆன் சப்ளை
- ஸ்டார்ட் சிக்னல்
- ஃப்யூல் பம்புக்குப் போகும் வயர்
- ராடியேட்டர் ஃபேன் கட்டுப்பாடு
- ஆர்பிஎம் சிக்னல், வேக சிக்னல்
- டெம்பரேச்சர் கேஜ், ஆயில் பிரஷர் விளக்கு, சார்ஜ் விளக்கு, செக் என்ஜின் விளக்கு
- பிரேக் சுவிட்ச், கிளட்ச் அல்லது நியூட்ரல் சுவிட்ச்
- ஏசி கேட்கும் சிக்னல், ஏசி கம்ப்ரஸர் கிளட்ச்
- ஸ்கேனர் மாட்டும் ஓபிடி கனெக்டர்

இவைதான் நடுவிலிருக்கும் கனெக்டரில் வரப்போகும் வயர்கள். கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரின் பின்னால் இருக்கும் ஆக்ஸிஜன் சென்சார், ஆவி உறிஞ்சும் கேனிஸ்டர் வால்வு போன்றவற்றைத் தேவையில்லாதவை என்று ஒதுக்கிவிடாதீர்கள். புகைச் சோதனைக்கும் வண்டியின் பதிவை மாற்றுவதற்கும் அவை வேண்டும். அவை இல்லாவிட்டால் ஈசியு விடாமல் பிழைக் குறியீடு போட்டுக்கொண்டும் இருக்கும்.

3. சாவி சுவிட்ச்: ஸ்டார்ட் நிலையிலும் கரன்ட் வருகிறதா?

நம் வண்டியின் சாவி சுவிட்சிலிருந்து ஈசியுவுக்கு சாவி ஆன் சப்ளை எடுக்க வேண்டும். அதற்குப் பொருத்தமில்லாத வயரைத் தேர்ந்தெடுத்துவிட்டுப் பல நாள் தேடுபவர்கள் நிறைய. சாவியை ஸ்டார்ட்டுக்குத் திருப்பும்போது, ஸ்டார்ட்டருக்குப் பேட்டரியின் முழு பலமும் கிடைக்கட்டும் என்று ரேடியோ, ப்ளோயர் போன்றவற்றின் சப்ளையை சுவிட்ச் துண்டித்துவிடும். அப்படித் துண்டிக்கப்படும் வயரை ஈசியுவுக்குக் கொடுத்தால், சாவி ஆன் நிலையில் எல்லாம் சரியாகத் தெரியும், ஸ்டார்ட்டர் சுற்றும், ஸ்பார்க் மட்டும் வராது. சாவியை விடும் நொடியில் சில சமயம் ஒரு முறை பற்றும். அந்த அறிகுறியைப் பார்த்தாலே சுவிட்சைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

மீட்டரை 20 வோல்ட் நிலையில் வைத்து, சுவிட்சின் பின்னாலிருக்கும் ஒவ்வொரு வயரையும் சோதியுங்கள்: ஆஃப், ஆக்ஸசரி, ஆன், ஸ்டார்ட் என நான்கு நிலையிலும். ஆனிலும் ஸ்டார்ட்டிலும் விடாமல் வோல்டேஜ் இருக்கும் வயர்தான் வேண்டும். பல ஐரோப்பிய டயகிராம்களில் டிஐஎன் 72552 (ஜெர்மன் தரநிலை) எண்முறை இருக்கும்: 30 என்றால் பேட்டரி நேரடி, 15 என்றால் சாவி ஆன், 50 என்றால் ஸ்டார்ட், 31 என்றால் எர்த்.

அந்த வயரிலிருந்து என்ஜினின் முழுக் கரன்டையும் எடுக்காதீர்கள். பழைய சுவிட்சின் காண்டாக்ட் அதைத் தாங்காது. அது ஈசியுவுக்கு "சாவி போட்டாயிற்று" என்று சொன்னால் போதும். காயிலுக்கும் இன்ஜெக்டருக்கும் வேண்டிய கரன்ட் மெயின் ரிலே வழியாகப் பேட்டரியிலிருந்து வரட்டும். பல ஈசியுக்கள் மெயின் ரிலேயைத் தாங்களே இயக்கும். சாவியை அணைத்த பிறகும் சில வினாடி ரிலேயைப் பிடித்து வைத்துக்கொண்டு த்ராட்டிலை அதன் இடத்தில் நிறுத்தி, கற்றுக்கொண்ட அளவுகளைச் சேமித்துவிட்டுத்தான் விடும். அப்படிப்பட்ட ஈசியுவுக்கு ரிலேயை நேராகச் சாவியிலேயே மாட்டிவிட்டால் ஐடில் நிலைக்காது. பிழைக் குறியீடுகளும் வரும். டயகிராம் ரிலே காயிலின் எர்த் பக்கத்தை ஈசியுவுக்குக் கொடுத்திருந்தால் நீங்களும் அப்படியே கொடுங்கள்.

4. ஃபியூஸ் பாக்ஸ்

வழிகள் மூன்று. என்ஜின் வந்த வண்டியின் ஃபியூஸ் பாக்ஸை முழுதாக எடுத்து வைப்பது. நம் வண்டியின் பாக்ஸில் காலி இடம் பார்த்துச் சேர்ப்பது. தண்ணீர் புகாத புது ரிலே-ஃபியூஸ் பாக்ஸ் வாங்கி நாமே கட்டுவது. இடம் இருந்தால் முதலாவது எளிது. ஆனால் அந்த பாக்ஸில் ஹெட்லைட், ஹார்ன், ஏபிஎஸ் என்று நமக்கு வேண்டாத பாதியும் சேர்ந்து வரும். இரண்டாவதை நான் யாருக்கும் சொல்வதில்லை. பழைய பாக்ஸின் பஸ்பார் (உள்ளே கரன்டைப் பங்கிடும் உலோகப் பட்டை) எத்தனை ஆம்பியருக்குப் போட்டது என்பது நமக்குத் தெரியாது. மூன்றாவதுதான் என் தேர்வு. ஆறு முதல் எட்டு ஃபியூஸ், நான்கு ரிலே போதும். பழுது வந்தால் எங்கே பார்க்க வேண்டும் என்பதும் உடனே தெரியும்.

ஃபியூஸ் காப்பது வயரை. அதன் முனையில் இருக்கும் பொருளை அல்ல. இதை மனதில் வைத்தால் எந்த ஃபியூஸ் எங்கே என்ற குழப்பமே வராது. முதலில் சாதனம் எவ்வளவு கரன்ட் இழுக்கும் என்று பாருங்கள். அதற்கேற்ற வயரைத் தேர்ந்தெடுங்கள். அந்த வயர் சூடாவதற்கு முன் உருகும் ஃபியூஸைப் போடுங்கள். தொடர்ந்து ஓடும் கரன்ட் ஃபியூஸ் அளவில் முக்கால் பங்கைத் தாண்டக் கூடாது. 10 ஆம்பியர் ஃபியூஸ் 11 ஆம்பியரில் உருகிவிடும் என்று எண்ண வேண்டாம்; பிளேடு ஃபியூஸ்கள் தம் அளவைக் கொஞ்சம் மீறிய கரன்டை வெகுநேரம் தாங்கும். அதனால்தான் வயரில் கொஞ்சம் கூடுதல் வசதி வேண்டும் என்கிறேன்.

என்ஜின் ரூம் சூட்டையும் கணக்கில் வைத்து நான் கடைப்பிடிக்கும் வரம்பு இது: 0.5 சதுர மி.மீ. வயருக்கு 5 ஆம்பியர் ஃபியூஸ், 0.75க்கு 7.5, 1.0க்கு 10, 1.5க்கு 15, 2.5க்கு 20, 4க்கு 30, 6க்கு 40. ஃபியூஸ் நிறங்களும் கண்ணுக்குப் பழகட்டும்: 5 வெளிர் பழுப்பு, 7.5 பழுப்பு, 10 சிவப்பு, 15 நீலம், 20 மஞ்சள், 25 நிறமில்லாதது, 30 பச்சை.

சூடு ஒரு பக்கம் என்றால், வோல்டேஜ் இறக்கம் மறுபக்கம். ஃப்யூல் பம்பை எடுத்துக்கொள்வோம். 12 ஆம்பியர் இழுக்கும் பம்ப், என்ஜின் ரூமிலிருந்து பின்னால் டாங்க் வரை 5 மீட்டர். செம்புக்கு ஒரு மீட்டர் நீளம், ஒரு சதுர மி.மீ. குறுக்களவுக்கு 0.0175 ஓம். 1.0 சதுர மி.மீ. வயரில் 0.0175 × 5 = 0.0875 ஓம்; 12 ஆம்பியர் ஓடும்போது 1.05 வோல்ட் வழியிலேயே போய்விடும். 2.5 வயரில் அது 0.42 வோல்ட். 4 வயரில் 0.26. பம்பின் எர்த் வயரிலும் இதே இழப்பு இன்னொரு முறை உண்டு. ஒரு வோல்ட் குறைந்தால் பம்பின் அழுத்தமும் ஓட்டமும் குறையும். அதிக சுமையில், மேட்டில் ஏறும்போது, எரிபொருள் பற்றாமல் என்ஜின் திணறும். பம்பை மாற்றிப் பார்ப்பார்கள், ஃபில்டரை மாற்றிப் பார்ப்பார்கள்; கோளாறு வயரில் இருக்கும். 20 ஆம்பியர் ஃபியூஸுக்கு 2.5 போதும் என்றாலும், நீளத்தைப் பார்த்து 4 போடுவது நல்லது.

நான்கு சிலிண்டர் என்ஜினுக்கு வழக்கமான பங்கீடு: ஈசியுவின் நேரடி சப்ளைக்கு 10, சாவி சிக்னலுக்கு 5, காயில்களுக்கு 15 அல்லது 20, இன்ஜெக்டர்களுக்கு 10 அல்லது 15, ஆக்ஸிஜன் சென்சார் ஹீட்டர்களுக்கு 10 அல்லது 15, ஃப்யூல் பம்புக்கு 15 அல்லது 20, ஃபேனுக்கு 30 அல்லது 40. என்ஜின் வந்த வண்டியின் டயகிராமில் என்ன அளவு இருக்கிறதோ அதுவே முடிவான அளவு. ஆக்ஸிஜன் சென்சார் ஹீட்டரையும் காயிலையும் ஒரே ஃபியூஸில் சேர்க்காதீர்கள். சென்சார் வயர் எக்ஸாஸ்டில் பட்டு உருகினால் ஹீட்டர் ஃபியூஸ் மட்டும் போகட்டும். வண்டி வீடு வந்து சேரும். ஃபேன் மோட்டார் சுற்றத் தொடங்கும் நொடியில் ஓடும்போது இழுப்பதைப் போலப் பல மடங்கு இழுக்கும். அதற்குச் சாதாரண பிளேடு ஃபியூஸை விட மெதுவாக உருகும் பெட்டி வகை ஃபியூஸ் பொருத்தம்.

பேட்டரியிலிருந்து இந்த பாக்ஸுக்கு வரும் தடித்த வயரிலும் ஒரு மெயின் ஃபியூஸ் வேண்டும், பேட்டரிக்கு எவ்வளவு அருகில் முடியுமோ அவ்வளவு அருகில். ஃபியூஸுக்கு முன்னாலிருக்கும் வயருக்குப் பாதுகாப்பே கிடையாது. ஒரு உரசலில் பாடியைத் தொட்டால் பேட்டரியின் முழு பலமும் அதில் பாயும். ஆல்டர்னேட்டரிலிருந்து வரும் சார்ஜிங் வயருக்கும் இதே கதிதான். பழைய என்ஜினின் ஆல்டர்னேட்டர் 65 ஆம்பியர், புதியது 120 என்றால், பழைய வயரும் ஃபியூஸும் போதாது.

ரிலேக்களுக்கு வருவோம். 30 சப்ளை, 87 வெளியே போவது, 85ம் 86ம் காயில். ஐந்து பின் ரிலேயில் நடுவிலிருக்கும் 87ஏ, ரிலே ஓய்வில் இருக்கும்போதே கரன்ட் தரும். வெளியே போகும் வயரை அதில் மாட்டிவிட்டால் சாவி இல்லாமலே ஃபேன் சுற்றும். ஈசியு இயக்கும் ரிலே எதுவானாலும் உள்ளே டையோடு அல்லது ரெசிஸ்டர் உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். ரிலேயின் காயில் அணையும்போது எழும் எதிர் வோல்டேஜ் நூறு வோல்ட்டைத் தாண்டிவிடும்; அது நேராக ஈசியுவின் உள்ளிருக்கும் ட்ரான்சிஸ்டருக்குப் போகும். டையோடு உள்ள ரிலேயில் 85, 86 இடம் மாறக் கூடாது. ரிலேயின் மேல் அச்சிட்ட படத்தைப் பார்த்தே மாட்டுங்கள்.

5. ஹார்னஸை அவிழ்ப்பதும் நீளம் சரிசெய்வதும்

பழைய டேப்பைப் பிளேடால் கீறாதீர்கள்; இன்சுலேஷனில் விழும் கீறல் இன்று தெரியாது, மழையில் தெரியும். முனையைத் தேடி உரித்துவிடுங்கள். ஒவ்வொரு கனெக்டரிலும் பெயர் எழுதிய டேக் கட்டிய பிறகே அடுத்ததற்குப் போங்கள்.

ஹார்னஸை என்ஜின் மேல் போட்டு, எல்லா சென்சாரிலும் மாட்டி, என்ஜின் வண்டியில் இருக்கும் நிலையிலேயே நீளத்தை முடிவு செய்யுங்கள். மேசையில் அளந்த நீளம் பெரும்பாலும் பொருந்தாது. என்ஜின் முறுக்கும்போது அசையும். அந்த அசைவுக்கான தளர்வு பாடியிலிருந்து என்ஜினுக்குத் தாவும் இடத்தில் இருக்க வேண்டும். எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டிலிருந்து ஒரு சாண் தூரமாவது தள்ளிப் போக வேண்டும்; முடியாவிட்டால் வெப்பத்தைத் திருப்பும் உறை போட வேண்டும். புதிதாகச் சேர்க்கும் வயர் 125 டிகிரி தாங்கும் கிராஸ்லிங்க் இன்சுலேஷன் உள்ள வாகன வயராக இருக்கட்டும். வீட்டு வயரிங்குக்கான வயர் இந்தச் சூட்டுக்கும் அதிர்வுக்கும் உரியதல்ல.

தேவையில்லாத வயரை நடுவில் வெட்டாமல், கனெக்டரிலிருந்து பின்னோடு உருவி எடுக்க வேண்டும். அதற்கு ஒரு முறை உண்டு. கனெக்டரின் முகத்தில் அல்லது பக்கவாட்டில் வேறு நிறத்தில் ஒரு சிறு பூட்டு இருக்கும். அதை முதலில் ஒரு சொடுக்கு அளவு வெளியே இழுங்கள், முழுதாகப் பிடுங்க வேண்டாம். பிறகு எடுக்க வேண்டிய வயரைப் பின்னாலிருந்து லேசாக முன்னோக்கித் தள்ளுங்கள். அப்போதுதான் உள்ளே பின்னைப் பிடித்திருக்கும் சின்ன நாக்கின் மேலிருந்து பாரம் விலகும். மெல்லிய பின் எடுக்கும் கருவியை முன்பக்கத் துளையில் விட்டு அந்த நாக்கை அழுத்தியபடி வயரைப் பின்னால் இழுத்தால் வழுக்கிக்கொண்டு வரும். பலம் போட வேண்டியிருந்தால் நாக்கு இன்னும் விடவில்லை என்று பொருள். எடுத்த இடத்தில் தண்ணீர் புகாமல் ரப்பர் அடைப்பான் செருகுங்கள்.

சில வயர்களை நீட்டும்போது கூடுதல் கவனம் தேவை. கிராங்க் சென்சாருக்குப் பல என்ஜின்களில் உலோக வலை சுற்றிய ஷீல்டு கேபிள் வரும். நீட்டினால் அதே வகைக் கேபிளால் நீட்டி, வலையை ஈசியு பக்கத்தில் மட்டும் எர்த் செய்யுங்கள். இரு முனையிலும் எர்த் செய்தால் இரைச்சல் அதிகமாகும். காந்தச் சுருள் வகை சென்சாரில் இரண்டு வயர்களும் இடம் மாறினால் டைமிங் பிசகும், அல்லது ஸ்டார்ட்டே ஆகாது. கேன் பஸ் வயர்கள் (யூனிட்டுகள் தமக்குள் டேட்டா பரிமாறும் இரண்டு வயர்கள்) முறுக்கியே ஓட வேண்டும். கனெக்டர் அருகில் 5 செ.மீ.க்கு மேல் முறுக்கைப் பிரிக்காதீர்கள். ஆக்ஸிஜன் சென்சார்களில் பல, ஒப்பீட்டுக்கு வேண்டிய வெளிக்காற்றை வயர் இழைகளின் இடுக்கு வழியே உறிஞ்சுகின்றன. அந்த வயரில் ஈயம் வைத்து அடைக்கக் கூடாது, கிரிம்ப்தான் (டெர்மினலை வயர் மேல் நசுக்கி இறுக்குவது).

6. ஜாயின்ட்

ஹார்னஸில் ஈயப் பற்றவைப்பா, கிரிம்ப்பா என்ற பேச்சு எப்போதும் உண்டு. நான் கிரிம்ப் பக்கம். ஈயம் இழைகளுக்குள் ஊறி ஒரு விறைப்பான துண்டை உண்டாக்கும். அந்த விறைப்பு முடிந்து வளைகிற வயர் தொடங்கும் இடத்தில்தான் அதிர்வு வந்து சேரும், அங்கேதான் முறியும். பற்றவைத்தே ஆக வேண்டும் என்றால் ஜாயின்ட்டின் இருபக்கமும் வயர் அசையாதபடி கட்டிவிடுங்கள்.

நல்ல கிரிம்ப்பைக் கண்ணால் பார்த்தே சொல்லலாம். டெர்மினலில் இரண்டு ஜோடிச் சிறகுகள் இருக்கும். முன் ஜோடி செம்பை மட்டும் பிடிக்க வேண்டும், பின் ஜோடி இன்சுலேஷனை. நடுவிலிருக்கும் இடைவெளியில் செம்பும் இன்சுலேஷன் விளிம்பும் இரண்டுமே தெரிய வேண்டும். முன் சிறகுகளுக்கு வெளியே இழைகள் ஒரு மி.மீ. அளவு எட்டிப் பார்க்க வேண்டும். ஓர் இழைகூடச் சிறகுக்கு வெளியே பிதுங்கியிருக்கக் கூடாது. சிறகுகள் நடுவில் மடிந்து செம்புக்குள் இறங்கியிருக்க வேண்டும். பிறகு கையால் இழுத்துப் பாருங்கள். கழன்று வந்தால் டெர்மினலும் வயர் அளவும் பொருந்தவில்லை, அல்லது பிளையரின் அளவு அதற்கு உரியதல்ல.

நான்கு வயர்களில் ஜாயின்ட் போட வேண்டியிருந்தால் நான்கையும் ஒரே இடத்தில் போடாமல் 4 செ.மீ. தள்ளித் தள்ளிப் போடுங்கள். ஹார்னஸ் புடைக்காது, ஒன்று உரிந்தாலும் பக்கத்து ஜாயின்ட்டைத் தொடாது. மேலே, உள்பக்கம் பசை உள்ள ஹீட் ஷ்ரிங்க் (சூடுபட்டால் சுருங்கும் குழாய்).

7. எர்த்

காரணம் புரியாத கோளாறுகளில் பாதி எர்த்தில்தான் இருக்கும். எர்த்தை மூன்று குடும்பமாகப் பிரித்துக்கொள்ளுங்கள். ஒன்று, பேட்டரி நெகட்டிவிலிருந்து என்ஜின் பிளாக்குக்குத் தடித்த கேபிள், பிளாக்கிலிருந்து பாடிக்கு இன்னொன்று. இரண்டு, காயில், இன்ஜெக்டர் ஆகியவற்றின் கரன்ட் திரும்பிப் போகும் ஈசியு பவர் எர்த். இது தயாரிப்பாளர் வைத்த இடத்திலேயே, பெரும்பாலும் இன்டேக் மேனிஃபோல்டில் அல்லது சிலிண்டர் ஹெட்டில். மூன்று, சென்சார் எர்த். இது பாடியையோ பிளாக்கையோ தொடவே கூடாது. ஈசியுவின் அதற்கான பின்னுக்கே திரும்பிப் போக வேண்டும். டெம்பரேச்சர் சென்சாரின் எர்த்தைப் பக்கத்தில் இருக்கிறதே என்று பாடியில் கொடுத்தால், ஃபேன் சுற்றும்போதெல்லாம் அதன் அளவு ஆடும்; எரிபொருள் கலவையும் கூடவே ஆடும்.

எர்த் போல்ட்டின் கீழே பெயின்ட்டைச் சுரண்டி உலோகம் பளபளக்க வேண்டும். இறுக்கிய பிறகு மேலே கிரீஸ் பூசுங்கள். சரிபார்க்க ஓம் மீட்டர் உதவாது. ஒரே ஓர் இழை மிச்சம் இருந்தாலும் அது நல்ல எர்த் என்றே காட்டும். ஸ்டார்ட்டர் சுற்றும்போது பேட்டரி நெகட்டிவுக்கும் பிளாக்குக்கும் இடையே வோல்ட் பாருங்கள். 0.2 வோல்ட்டுக்குள் இருந்தால் சரி.

8. சார்ஜ் விளக்கும் கேஜ்களும்

பல ஆல்டர்னேட்டர்கள் முதலில் உயிர் பெறுவதே டாஷ்போர்டின் சார்ஜ் விளக்கு வழியே வரும் சிறு கரன்டால்தான். நம் வண்டியில் அந்த விளக்கு எல்ஈடி என்றால் கரன்ட் போதாமல் சார்ஜ் ஏறாது. விளக்குக்கு இணையாக 68 ஓம், 5 வாட் ரெசிஸ்டர் ஒன்று போட்டால் பழைய 2 வாட் பல்பின் வேலையை அது செய்யும். ஈசியுவே டேட்டா வயர் மூலம் கட்டுப்படுத்தும் ஆல்டர்னேட்டர் என்றால் இது பொருந்தாது. அதன் வயரை ஈசியுவுக்கே விடுங்கள்.

சாவியை அணைத்தும் என்ஜின் நிற்காமல் ஓடுகிறதா? ஆல்டர்னேட்டரிலிருந்து அதே விளக்கு வயர் வழியாகவோ, சுழன்றுகொண்டிருக்கும் ஃபேன் மோட்டாரிலிருந்தோ கரன்ட் பின்னோக்கி சாவி ஆன் வயருக்கு வருகிறது. விளக்கு வயரில் ஆல்டர்னேட்டரை நோக்கி மட்டும் விடும் டையோடு ஒன்று போட்டால் நின்றுவிடும். ஃபேன் ரிலேயின் 30ஆம் பின்னை சாவி வயரிலிருந்து எடுக்காமல் நேரடி சப்ளையில் வையுங்கள்.

டெம்பரேச்சர் கேஜுக்கு நம் வண்டியின் பழைய சென்டரையே (கேஜுக்கு அளவு அனுப்பும் சென்சார்) புது என்ஜினில் ஒரு அடாப்டர் வைத்துப் பொருத்துவது நல்லது. ஈசியுவின் டெம்பரேச்சர் சென்சார் வயரில் கேஜை ஒட்டுச் சேர்த்தால் இரண்டின் அளவும் கெட்டுப்போகும்.

9. சோதனை

டேப் சுற்றுவதற்கு முன், ஈசியு மாட்டுவதற்கு முன், எல்லா ஃபியூஸையும் எடுத்துவிட்டுத் தொடங்குங்கள். ஈசியு கனெக்டரின் ஒவ்வொரு சப்ளை பின்னுக்கும் எர்த்துக்கும் இடையே ஷார்ட் இல்லை என்று மீட்டரில் பாருங்கள். பிறகு பேட்டரியை இணைத்து, ஒவ்வொரு ஃபியூஸ் இடத்திலும் ஃபியூஸுக்குப் பதில் 21 வாட் பல்ப் ஒன்றை மாட்டிப் பாருங்கள். அந்த லைனில் ஷார்ட் இருந்தால் பல்ப் முழு வெளிச்சத்தில் எரியும். கரன்ட் 2 ஆம்பியரைத் தாண்டாது, வயரும் எரியாது. மங்கலாக எரிந்தால் அங்கே ஏதோ ஒரு சாதனம் கரன்ட் எடுக்கிறது, அவ்வளவுதான்.

எல்லா லைனும் சரியென்றால் ஃபியூஸ்களைப் போட்டு, சாவி ஆன் செய்து, ஈசியு கனெக்டரில் நேரடி சப்ளை, சாவி சப்ளை, எர்த் பின்கள் டயகிராம்படி இருக்கின்றனவா என்று ஒவ்வொரு பின்னாகப் பாருங்கள். சென்சார் வயர்களில் டெஸ்ட் லேம்ப் வைக்கக் கூடாது. டிஜிட்டல் மீட்டர் மட்டும்தான். கேன் பஸ்ஸை, அடுத்த படியில் ஈசியுவை மாட்டிய பிறகு, பேட்டரியை இணைக்கும் முன் பாருங்கள்: எல்லா யூனிட்டும் மாட்டியிருக்க, இரண்டு வயர்களுக்கிடையே சுமார் 60 ஓம் காட்ட வேண்டும். 120 காட்டினால் ஒரு முனையின் ரெசிஸ்டர் இணைப்பில் இல்லை.

இப்போது பேட்டரி நெகட்டிவைக் கழற்றி, ஈசியுவை மாட்டி, மறுபடி இணைத்து, சாவி ஆன். மெயின் ரிலே சொடுக்க வேண்டும், செக் என்ஜின் விளக்கு எரிய வேண்டும், பல வண்டிகளில் ஃப்யூல் பம்ப் இரண்டு மூன்று வினாடி ஓடி நிற்கும். சென்சார்களுக்கான சப்ளை 5 வோல்ட் அருகில் இருக்கிறதா பாருங்கள். அது 1 வோல்ட்டுக்கோ 2 வோல்ட்டுக்கோ இறங்கியிருந்தால் ஏதோ ஒரு சென்சார் வயர் எர்த் ஆகிறது. ஒவ்வொன்றாகக் கழற்றினால் எதில் ஏறுகிறதோ அதுதான். ஸ்கேனர் மாட்டுங்கள்; ஓபிடி கனெக்டரில் 16 பேட்டரி, 4ம் 5ம் எர்த், 6ம் 14ம் கேன். என்ஜின் ஆறியிருக்கும்போது கூலன்ட் வெப்பமும் உறிஞ்சும் காற்றின் வெப்பமும் ஏறக்குறைய ஒன்றாகவே காட்ட வேண்டும். பெடலை மிதித்தால் த்ராட்டில் சதவீதம் தடுமாறாமல் ஏற வேண்டும்.

இன்ஜெக்டர் ஃபியூஸையும் காயில் ஃபியூஸையும் எடுத்துவிட்டு ஸ்டார்ட்டரைச் சுற்றுங்கள். ஆயில் பிரஷர் வரட்டும். ஸ்கேனரில் ஆர்பிஎம் தெரிந்தால் கிராங்க் சென்சார் பேசுகிறது. பேட்டரி வோல்டேஜ் 9.6க்குக் கீழே போகக் கூடாது. இவை சரியென்றால் ஃபியூஸ்களைப் போட்டு ஸ்டார்ட் செய்யலாம். முதல் ஓட்டத்தில் ஒருவர் கை பேட்டரி டெர்மினலின் அருகிலேயே இருக்கட்டும். தீயணைப்பான் கைக்கெட்டும் தூரத்தில்.

10. போர்த்துவது

என்ஜின் சூடாகி, ஃபேன் இரண்டு முறை சுற்றி நின்று, பிழைக் குறியீடு ஏதும் வராத பிறகே டேப் சுற்றுங்கள். என்ஜின் ரூமுக்கு வெப்பம் தாங்கும் துணி டேப், உள்ளறைக்கு மெத்தென்ற ஃப்ளீஸ் டேப். சாதாரண பிளாஸ்டிக் டேப் சூட்டில் பசை கசிந்து வழுக்கிவிடும். ஃபயர்வால் (என்ஜின் ரூமுக்கும் உள்ளறைக்கும் நடுவிலான தகடு) துளையில் ரப்பர் குரோமெட் (வளையம்) இல்லாமல் வயர் போகக் கூடாது. கனெக்டருக்கு முன்னால் வயர் கொஞ்சம் கீழே தொங்கி மேலேறும்படி விட்டால் தண்ணீர் வயரோடு வழிந்து கனெக்டருக்குள் போகாது. ஃபியூஸ் பாக்ஸ் மூடிக்குள் ஃபியூஸ் பட்டியலை ஒட்டிவிடுங்கள். இரண்டாம் படியில் எழுதிய தாளின் நகல் வண்டிக்குள்ளேயே இருக்கட்டும்.

வண்டியை அணைத்துப் பூட்டி, யூனிட்டுகள் எல்லாம் உறங்கும்வரை அரை மணி நேரம் விட்டு, பேட்டரி நெகட்டிவில் மீட்டரைத் தொடரில் வைத்து எவ்வளவு கரன்ட் போகிறது என்று பாருங்கள். 50 மில்லி ஆம்பியருக்குள் இருக்க வேண்டும். அதிகம் என்றால் ஃபியூஸை ஒவ்வொன்றாக எடுத்து எதில் இறங்குகிறது என்று கண்டுபிடியுங்கள். மெயின் ரிலே விடாமல் ஒட்டிக்கொண்டிருப்பது அடிக்கடி காணும் காரணம். முதல் நீண்ட ஓட்டம் முடிந்த கையோடு ஃபியூஸ் பாக்ஸைத் திறந்து ஒவ்வொரு ஃபியூஸையும் விரலால் தொட்டுப் பாருங்கள். எது மற்றவற்றைவிடச் சூடாக இருக்கிறதோ, அந்த டெர்மினலை வெளியே எடுத்து மறுபடி கிரிம்ப் செய்யுங்கள்.